வியாழக்கிழமை ஒன்பது இருபது

பச்சை. இன்றைக்கும் பச்சைதான் வேண்டுமாம். பீரோவைத் திறந்து ஒவ்வொரு சேலையாகத் தொட்டுக் காட்டினேன். ஊதாவுக்குத் தலையசைத்தாள், வேண்டாமென்று. அரக்குக்கும் வேண்டாம். கிளிப்பச்சையில் கை வைத்ததும் இடது கண் சுருங்கியது. அது சிரிப்பு. என் பெண்டாட்டி வடிவுக்கு இப்போது பாதி முகத்தில்தான் சிரிப்பு. மற்ற ஆறு நாளும் நைட்டி போதும் இவளுக்கு. எதை மாட்டிவிட்டாலும் ஏனென்று கேட்கமாட்டாள், கேட்க வாயும் இல்லை. வியாழக்கிழமை என்றால் மட்டும் சேலை. வியாழக்கிழமை என்று எப்படித்தான் தெரிகிறதோ. காலண்டர் இவள் கண்ணுக்கு எட்டாத சுவரில் தொங்குகிறது. நான் வேண்டுமென்று அங்கே மாட்டவில்லை, ஆணி அங்கேதான் இருந்தது. சரி, வேண்டுமென்றுதான் மாற்றினேன், போன வாரம். என்ன பிரயோசனம். காலையில் கண் விழித்ததும் இடது கையை நீட்டி பீரோவைக் காட்டிவிட்டாள். தூக்கி உட்கார வைத்து, சுற்றி, மடிப்பெடுத்து, ஊக்கு குத்தி, பவுடரும் போட்டாயிற்று. எழுபத்து நாலு வயதில் சேலைக்கு மடிப்பெடுக்கப் படித்தேன், எட்டு மாதத்தில். வாசல் கிராதிக்கு நேராக நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, செத்துப்போன வலது கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்திருக்கிறேன். மணி ஒன்பது. ஒன்பது இருபதுக்கு அவன் வருவான் என்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் வரமாட்டான். அது எனக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டதும் நான்தான்.

அவன் என்றால் ஜெபசிங். பிசியோதெரபி ஆள். கை கால் விழுந்து வீட்டோடு கிடக்கிறவர்களை வீட்டுக்கே வந்து பார்க்க அரசாங்கம் அனுப்புகிற ஆள். சங்கரன்கோவிலுக்கும் சுற்றி இருக்கிற ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஆள்தான். வியாழக்கிழமை எங்கள் பக்கம். பெரிய ஆணழகன் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும், முன்வழுக்கை, பெல்ட்டுக்கு மேலே தொப்பை, சட்டைப் பையில் பேனா கசிந்த கறை. இவனைப் பார்த்தா வயிறு எரிகிறாய் என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். இவனைப் பார்த்துத்தான். வந்ததும் செருப்பைக் கழற்றுவான். கை கழுவுவான். முக்காலியை இழுத்துப் போட்டு இவள் முன்னால் உட்கார்ந்து, வலது கையை இரண்டு கையாலும் ஏந்துவான், கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி. "ஒண்ணு. வலிக்குதாம்மா? ரெண்டு. வலிக்குதாம்மா?" விரல் விரலாக விரிப்பான். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வலிக்குதா. பத்து தடவை விரித்தால் ஐம்பது வலிக்குதா. வாய் ஓயாது. ஐம்பதுக்கும் இவள் இல்லை இல்லை என்று தலையாட்டுவாள். வலிக்காமலா இருக்கும். என்னிடம் என்றால் துணி மாற்றும்போது கை லேசாகப் பட்டாலே முகம் சுளிப்பாள். நான் வலிக்குதா என்று கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய, வலித்தாலும் மாற்றித்தானே ஆகவேண்டும். நாற்பத்தெட்டு வருஷத்தில் இவள் கையை நான் எத்தனை தடவை பிடித்திருப்பேன். தாலி கட்டின அன்று, புரோகிதர் சொன்னதால். ஆஸ்பத்திரியில், நர்ஸ் சொன்னதால். இவனுக்கு வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம், அரசாங்கமே அனுப்பிவைக்கிறது.

மணி ஒன்பது நாலு. ராஜபாளையம் வண்டி இப்போதுதான் உள்ளே திரும்பும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். கூண்டு மாதிரி ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம், ஒரு பேனா. வண்டி வந்த நேரம் எழுது, கிளம்பின நேரம் எழுது, கையெழுத்துப் போடு. எடு. அந்த ஒரு வார்த்தையைத்தான் வாழ்க்கையில் அதிகம் பேசியிருப்பேன். "எடு வண்டிய." எடுக்காவிட்டால் வெளியே வந்து குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். பின்னால் நிற்கிற வண்டி எல்லாம் நின்றுவிடும். எவனோடும் சண்டை போட்டதில்லை. எதற்குச் சண்டை, பேனா இருக்கிறதே. கல்யாணமான புதிதில் இவளை அம்மா வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். கண்டக்டர் இசக்கி, சுருட்டை முடிக்காரன், "மைனி, இந்த சீட்டுல உக்காருங்க, காத்து வரும். நம்ம சுடலைமுத்து அண்ணாச்சி மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா புழுக்கமால்ல இருக்கும்" என்றான். இவள் சிரித்தாள். முழு முகமும். அப்போதெல்லாம் முழு முகம். அந்த வாரம் இசக்கியின் வண்டிக்கு மூன்று நாள் தாமதம் எழுதினேன். மெமோ வந்தது அவனுக்கு. யார் சொன்னார்களோ, வீட்டில் பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டே இவள் கேட்டாள், "அந்த வண்டி லேட்டாவா வந்துச்சு?" ஆமா என்றேன். "பொய்." அவ்வளவுதான். தலையைக்கூடத் தூக்கவில்லை, விரல் நிற்கவில்லை. எப்போதுமே இப்படித்தான். சாப்பிட்டுவிட்டேன் என்பேன், பொய் என்பாள். கால் வலி இல்லை என்பேன், பொய் என்பாள். ஒரு வார்த்தை, தட்டைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்கு மட்டும் கூட ஒரு வரி சொன்னாள். "உங்களுக்கு வயிறு எரிஞ்சா பேனாவ எடுத்துருவீக." அந்த இசக்கி செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. நான் துஷ்டிக்குப் போனேன். மாலையும் வாங்கிப் போட்டேன். பேனாவைப் பற்றி அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

அவள் விரல். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றின விரல். எட்டு மாதம் முன்னால், அடுக்களையில், கையில் சீரக டப்பாவோடு விழுந்தாள். சீரகம் எல்லாம் தரையில். அதைப் பொறுக்கலாமா இவளைத் தூக்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். நின்றேன், பொய் சொல்லவில்லை, ஒரு முழு நிமிடம் நின்றேன், எது முதலில் என்று தெரியவில்லை. ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரி. பத்து நாள். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. டாக்டரம்மா ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார், "வார்த்தை எல்லாம் உள்ள இருக்கு ஐயா. வெளிய வர்ற பாதைதான் அடைச்சுப்போச்சு. பேசிக்கிட்டே இருங்க, ஒரு நாள் வரும்." பேசிக்கொண்டே இருப்பதாம். என்னிடம் போய்ச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து இவள் எதிரே உட்கார்ந்து யோசித்தேன், என்ன பேசுவதென்று. காப்பி வேணுமா. மாத்திரை போட்டாச்சு. மழை வரும்போல. முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வருஷமாக அவள்தான் பேசினாள், நான் ம் போட்டேன். இப்போது இரண்டு பேரும் ம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அந்த ம் கூட வரவில்லை. ராத்திரியில் அது என்னைப் போட்டு அரிக்கும். உள்ளே இருக்கிறதாமே வார்த்தை. அப்படியென்றால் என்னிடம் வராதது எதனால். பாதை அடைத்துவிட்டதாலா, இல்லை இந்த ஆளிடம் இனி என்ன பேச என்று விட்டுவிட்டாளா. அதைக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி எனக்கு அமையவில்லை. இட்லியைப் பிசைந்து ஊட்டுவேன், வாயோரம் வழிவதைத் துடைப்பேன், காலைக் கடன், மாலைக் கடன், புரட்டிப் போடுவது, முதுகில் பவுடர். ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாள் ஐந்து நிமிடம் தாமதம் இல்லை. யாராவது எழுதியிருந்தால் தெரியும்.

பிறகு அந்த வியாழக்கிழமை. ஆறு வாரம் ஆகிறது. நான் அடுக்களையில் அவனுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் காப்பி போடுவதும் நான்தான், அது வேறு. உள்ளே வழக்கம்போல ஒண்ணு வலிக்குதா, ரெண்டு வலிக்குதா. மூன்றுக்கு அப்புறம் சத்தம் இல்லை. பிறகு ஒரு குரல். தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி, அடித்தொண்டையில் இருந்து. "தம்பி." டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தேன். அவன் இவள் கையைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான், கண் கலங்கியிருந்தது அந்தப் பயலுக்கு. "ஐயா, அம்மா பேசிட்டாங்க! இன்னொருக்கச் சொல்லுங்கம்மா!" சொன்னாள். தம்பி. தம்பி. மூன்று தடவை. நான் வாசற்படியில் நின்றேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் போய், வெளியே காக்காய் ஒன்றும் இல்லாத மதிலைப் பார்த்து உஸ் என்று விரட்டினேன். அவன் போனதும் இவள் எதிரே உட்கார்ந்து, சொல்லு என்றேன். பார்த்தாள். "சொல்லுளா." வாயைத் திறந்தாள், மூடினாள். மத்தியானம் சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லவில்லை. ஆறு மாதமாக எச்சில் துடைத்தவன் இங்கே இருக்கிறேன். வாரம் அரை மணி நேரம் வருகிறவனுக்கு முதல் வார்த்தை.

அடுத்த திங்கட்கிழமை புஷ்பவல்லி வந்தாள். வடிவின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அரசாங்க மாத்திரை கொண்டுவருகிறவள், எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும். சுற்றி வளைத்தால் சொந்தம், என்னைப் பெரியப்பா என்பாள். "ஆறு மாசத்துக்கு ஒருக்க ஒரு படிவம் இருக்கு பெரியப்பா, போன்லயே போடணும். சட்டுன்னு முடிச்சுருவேன். பெரியம்மா தூங்குறாவளா? பரவால்ல, நீங்க சொல்லுங்க. தானா சாப்பிடுறாவளா?" நான் வாய் திறக்குமுன் ஒரு நொடி இருந்தது. அந்த நொடி எனக்கு நன்றாகப் பழக்கமான நொடி. பேனா தாளில் படுவதற்கு முந்தின நொடி. "சாப்பிடுதா" என்றேன். "எந்திரிச்சு நிக்காவளா?" "நிக்கா." "நாலு எட்டு நடக்காவளா?" "நடக்கா." "பாத்ரூமுக்கு?" "போறா." "கையால எதையும் பிடிக்காவளா?" "பிடிக்கா." அவள் கட்டைவிரல் டப் டப் என்று போனைத் தட்டிக்கொண்டே போனது. "ஏயப்பா! பெரியப்பா கைராசிதான். பாத்துக்கிட்டா உங்கள மாதிரி பாக்கணும்." அதுவும் இனித்தது. எல்லாம் நான் செய்தது என்று ஒருத்தி சொல்கிறாளே. உள்ளே வந்து எட்டிப் பார் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் ஜெபசிங் வருகிற டிரிப் கட் ஆகும் என்று எனக்குத் தெரியாதா. முப்பத்தொரு வருஷம் அந்த வேலைதானே பார்த்தேன். ஆள் இல்லாத வழித்தடத்தில் வண்டியை எடுத்து ஆள் இருக்கிற பக்கம் விடுவார்கள். அதற்குப் பிறகும் மூன்று வாரம் அவன் வந்தான். அதற்கடுத்த வாரம் போன் பண்ணினான். "ஐயா, புது லிஸ்ட்ல அம்மா பேர் இல்ல. கேட்டேன். வீட்டுக்காரரே நல்லாயிட்டாங்கன்னு சொல்லிட்டாராம்ல? எனக்கு ஒண்ணும் புரியல ஐயா, நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?" "வேண்டாம். நானே செஞ்சுக்கிடுதேன். வை." வைத்துவிட்டான். இவளிடம், அவனுக்கு லீவு என்றேன். அடுத்த வியாழன், மீட்டிங் என்றேன். இரண்டு வியாழனும் பச்சைச் சேலையில் மத்தியானச் சோறு வரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மூன்றாவது. இன்றைக்கு என்ன சொல்வது. காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல் என்றால் கவலைப்படுவாள், அவனுக்காக. அதுவும் எனக்குப் பொறுக்காது.

செய்யாமல் இல்லை. செய்துபார்த்தேன். அதே முக்காலி. அதே கை. விரலைப் பிடித்து இழுத்தேன். இழுக்கிற மாதிரிதான் வருகிறது எனக்கு, பிடிவாதமான தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரல் இன்னும் இறுகிற்று. அவனுக்கு விரிந்த அதே விரல். போ அப்படியே கிட என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மூன்று நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், உள்ளங்கையில் நாலு பிறை. அவள் நகமே அவளைக் கீறியிருக்கிறது. மூடின கைக்குள் புழுங்கி ஒரு வாடை. நகத்தை வெட்டப் பார்த்தேன், கத்திரி உள்ளே நுழைய இடம் இல்லை. அவன் வந்துகொண்டிருந்தபோது மடித்த துணிச் சுருளை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போவான், அது அவ்வளவு லேசாக உள்ளே போய் உட்காரும். இப்போது அந்தச் சுருள் ஜன்னலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அவன் ஒரு தடவை சொன்னான், விட்டுவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் அப்படியே மடங்கி நின்றுவிடும் ஐயா, அப்புறம் யார் வந்தாலும் திறக்க முடியாது என்று. இரண்டு மூன்று மாதம். மூன்று வாரம் போய்விட்டது. எனக்கும் எழுபத்து நாலு. நான் முந்திக்கொண்டால் இந்தக் கையை யார் பிடித்துத் திறப்பார்கள். மகன் திருப்பூரில் இருந்து வருவான், அம்மா கையை ஏன் மூடியே வச்சிருக்கா என்பான். அவனுக்குத் தெரியாது, அப்பா மூடினது என்று.

ஒன்பது பதினெட்டு. ஒரு சத்தம். முதலில் எனக்குத்தான் கேட்டது, முப்பத்தொரு வருஷம் வண்டிச் சத்தத்தில் கிடந்த காது. ஸ்கூட்டர். ஸ்டாண்டு லூசாகி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டணக் என்று தரையில் இடிக்கிற ஸ்கூட்டர். இல்லை. இருக்காது. இந்தத் தெருவில் அவனுக்கு இனி என்ன வேலை. டணக். முனையில் திரும்பிவிட்டது. இவளுக்கும் கேட்டுவிட்டது. தோள் நிமிர்ந்தது. இடது கை முந்தானையைச் சரி செய்தது, அது அதுவாகவே செய்தது. எழுந்தேன். கிராதி முன்னால் போய், இவளுக்கும் தெருவுக்கும் நடுவில், வேட்டியை உதறிக் கட்டுகிற மாதிரி நின்றேன். முதுகால் மறைத்தேன். இந்த வயதில், இந்த முதுகால். டணக். ஸ்கூட்டர் எங்கள் வாசலில் மெதுவானது. அவன் என்னைப் பார்த்தான். தலையைக் குனிந்து வணக்கம் மாதிரி ஒன்று செய்தான். நான் வேட்டி முடிச்சைப் பார்த்தேன். போய்விட்டான். ஐந்து வீடு தள்ளி, தெருக்கோடியில், மில்காரர் தங்கப்பழம் வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பாத்ரூமில் வழுக்கி இடுப்பு ஒடிந்து கிடக்கிறார் அவர். அவருக்கா. என் வியாழக்கிழமையை அவருக்கா கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று தள்ளினவன் நான், ஆனாலும் அந்த ஆள் வாங்கிக்கொண்டார் என்றதும் பற்றிக்கொண்டு வந்தது. என்னுடைய ஒன்பது இருபது. அவர் விரலைப் பிடித்தா வலிக்குதா என்று கேட்பான். திரும்பினேன். இவள் நாற்காலியில் இடப் பக்கமாகச் சாய்ந்து, என்னைத் தாண்டி, அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கின இடது கை இன்னும் இறங்கவில்லை.

என்ன சொல்வது. "வேற யாரோ" என்றேன். கையை இறக்கினாள்.

நல்ல வேளை என்றா சொல்வது, கெட்ட வேளை என்றா, கேட்டைத் தள்ளிக்கொண்டு புஷ்பவல்லி. இன்றைக்கு மாத்திரை நாள் என்பதையே மறந்திருந்தேன். "என்ன பெரியம்மா, பச்சைச் சேலைல ஜம்முன்னு இருக்கீக! எங்கயும் கல்யாணமா?" பையை இறக்கினாள், பிரஷர் பட்டையை எடுத்தாள். இடது கையில் சுற்றினாள். காற்றை ஏற்றி இறக்கினாள். அதற்குள் இவளை உள்ளே கூட்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன், பட்டை சுற்றியிருந்தது. "கூட இருக்கே பெரியப்பா. மாத்திரை ஒழுங்காப் போடுறாவளா?" "போடுதா." அவள் அந்த வலது கையைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். விரலைக் கிளப்பப் பார்த்து, விட்டாள். "என்ன பெரியப்பா இது, கை இப்படி இறுகிக் கிடக்கு? கையால பிடிக்காவன்னு சொன்னீகளே." "மாத்திரையக் குடு. கிளம்பு." "கிளம்புறது இருக்கட்டும். நடக்காவன்னீக, நிக்காவன்னீக, தானாச் சாப்பிடுறாவன்னீக. நீங்க அத்தனைக்கும் ஆமா போட்டதாலதான் பெரியம்மா பேரே லிஸ்ட்ல இருந்து போச்சு. அந்த இடம் இப்ப மில்காரருக்குப் போயிருக்கு. சாரு அங்கதான் இருக்காரு, இப்ப வண்டியப் பாத்தேன். பெரியம்மாவுக்கு இது தெரியுமா தெரியாதா?" தெரியுமா தெரியாதாவாம். இரண்டடியில் உட்கார்ந்திருக்கிறாள். வாய்தான் போயிற்று, காது போகவில்லை. "புஷ்பா, வாய மூடு" என்றேன். என் குரல் எனக்கே பஸ் ஸ்டாண்டில் இருந்து வந்த மாதிரி இருந்தது. அவள் மூடிவிட்டாள். அதற்கு மேல் மூட ஒன்றும் இல்லை.

இவளைப் பார்க்கவேண்டாம் என்று மாத்திரை அட்டையைப் பார்த்தேன். பத்து, இரண்டு வரிசை. காலை ஒன்று, இரவு ஒன்று. அட்டையின் ஓரம் கிழிந்திருந்தது. மூச்சு ஒன்று கேட்டது, மூக்கில் இருந்து, பலமாக, பாரம் தூக்குகிறவள் விடுகிற மாதிரி. உதடு ஒட்டிப் பிரிந்த சத்தம். ஏதோ பிடிபடாமல், மறுபடி ஒட்டி. தகரத்தில் ஆணி. "பொ..." நிமிர்ந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவை இல்லை, புஷ்பவல்லியை இல்லை, என்னை. இடது கண், வலது கண், இரண்டும். பாதி வாய் கோணி, எச்சில் ஓரத்தில் இறங்க, "பொய்" என்றாள். புஷ்பவல்லி வாயில் கை வைத்தாள். "பொய்." மடியில் தட்டு இல்லை, இலை இல்லை, தலையைத் தூக்கிச் சொன்னாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி. கேவலம்தான். ஒரு பெண்பிள்ளை முன்னால், ஊர் முழுக்கப் போய்ச் சொல்லுகிறவள் முன்னால். ஆனால் கேவலத்துக்கு அடியில் வேறொன்று ஊறிக்கொண்டு வந்தது, அதை என்ன சொல்ல. என்னிடம் பேசிவிட்டாள். இந்த வார்த்தை வேறு யாருக்கும் இல்லை. ஜெபசிங்குக்கு இல்லை, டாக்டரம்மாவுக்கு இல்லை. இவ்வளவு நாள் அந்த அடைத்த பாதைக்குப் பின்னால் என் வண்டி நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

"எழுது" என்றேன் புஷ்பவல்லியிடம். "நடக்கமாட்டா. நிக்கமாட்டா. நான்தான் ஊட்டுதேன். நான்தான் கழுவுதேன். கை மூடிக்கிடக்கு. எல்லாத்துக்கும் இல்லன்னு போடு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நினைச்ச நேரம் போடமுடியாது பெரியப்பா. நீங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து டாக்டர்ட்ட நேர்ல சொல்லணும். அப்படியும் அடுத்த மாசம்தான்" என்றாள். "வாறேன். நாளைக்கே வாறேன்." "என்ன சொல்வீக?" "பொய் சொன்னேன்னு சொல்வேன். வேற என்னத்தச் சொல்ல." அவள் போனாள். கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம். அடுத்த மாதத்துக்குள் அந்தப் பிறை இன்னும் ஆழமாகும். முக்காலியை இழுத்தேன். இவள் முன்னால் உட்கார்ந்தேன். வலது கையை எடுத்தேன், இரண்டு கையாலும். இழுக்கவில்லை. சுண்டுவிரலின் அடியில் என் விரலை வைத்து, கிளப்பாமல், சும்மா வைத்திருந்தேன், அவன் அப்படி வைப்பதைப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், வயிறெரிய வயிறெரிய ஒன்று விடாமல். "ஒண்ணு" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. "வலிக்குதா?" "பொய்" என்றாள். "ரெண்டு. வலிக்குதா?" "பொய்." கோபமா, அது ஒன்றுதான் வாயில் வருகிறதா, தெரியவில்லை. சுண்டுவிரல் அரை அங்குலம் விட்டது. மூன்றாவது விரல் விடவில்லை. நான் அமுக்கினேன் போல, உஸ் என்றாள். இந்தக் கைக்கு இது பிடிபடாது. எடு என்று சொல்லிப் பழகின கை. ஒரு மாதம் இதை நான் செய்தால் விரல் ஒடிந்துதான் போகும்.

டணக். கோடி வீட்டில் ஸ்டாண்டை எடுத்துவிட்டான். மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. இவள் காது நிமிர்ந்தது, ஆனால் தெருவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என்ன செய்யப்போகிறாய் என்கிற பார்வை, வேறென்ன. வேட்டி முடிச்சைக் கட்டுவாயா என்கிற பார்வை. கையைத் தலையணையில் வைத்துவிட்டு எழுந்தேன். செருப்பு போடவில்லை. கேட்டைத் திறந்து தெருவின் நடுவில் போய் நின்றேன், தார் சுட்டது. ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. குறுக்கே கையை நீட்டினேன். தோளில் சுளுக்கு இருக்கிறது, பாதிக்கு மேல் தூக்க வராது, இன்றைக்குத் தூக்கினேன். நின்றுவிட்டான். முன் சக்கரம் என் முட்டுக்கு ஒரு சாண். "ஐயா! என்னய்யா இது, பாத்து!" "இறங்கு." "ஐயா, அடுத்து களப்பாகுளத்துல ஒரு பாட்டி காத்துட்டு இருப்பாங்க. அதுவும் அம்மா பேரு லிஸ்ட்ல..." "லிஸ்ட்டக் கெடுத்தது நான். நாளைக்குப் போய் மாத்துதேன். இப்ப கை மூடிக்கிட்டு. எனக்குத் திறக்கத் தெரியல." இதைச் சொல்வதற்கு இத்தனை வருஷம் ஆயிற்றா எனக்கு. தெரியல என்று. அவன் என்னைப் பார்த்தான், என் வெறுங்காலைப் பார்த்தான். "பத்து நிமிஷம்தான் ஐயா" என்று ஸ்டாண்டைப் போட்டான்.

செருப்பைக் கழற்றினான். கை கழுவினான். முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கையை ஏந்தினான். "தம்பி" என்றாள் இவள். சுருக்கென்றது. இனியும் சுருக்கென்றுதான் இருக்கும், அது போகாது. போகிற வயதில் வந்தது இல்லையே இது, கூடவே வளர்ந்தது. "அம்மா சேலை சூப்பர்" என்றான். பாதி முகம் சிரித்தது. உள்ளங்கைப் பிறைகளைப் பார்த்து அவன் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, அதற்காக அவனுக்கு ஒரு காப்பி. அடுக்களைக்குப் போகவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், விரல் எந்தக் கணுவில் பிடிக்கிறான், எவ்வளவு நேரம் சும்மா வைத்திருக்கிறான் என்று. ஒண்ணு, வலிக்குதாம்மா. ரெண்டு, வலிக்குதாம்மா. இல்லை இல்லை என்று தலையாட்டினாள். என்னிடம் மாதிரி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவன் மூன்றாவது விரலை விரித்துக்கொண்டே கேட்டான், "நடுவுல அம்மா புதுசா ஏதும் வார்த்தை சொன்னாங்களா ஐயா? இருந்தாச் சொல்லுங்க, அதை வச்சே மேல பழக்கலாம்." சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியதுதான். அவனிடம் சொன்னால் அதையும் எடுத்துக்கொள்வான், இன்னொருக்கச் சொல்லுங்கம்மா, இன்னொருக்கச் சொல்லுங்கம்மா என்று தேய்த்துத் தேய்த்து அவனுடையதாக்கிவிடுவான். எனக்கென்று ஒன்று வந்திருக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலில் காய்ந்த துணிச் சுருளை எடுத்து உதறினேன்.

"இல்ல" என்றேன்.

"பொய்" என்றாள் வடிவு.